உன்னைக் கூப்பிட்டேன்

ஷர்மினி அம்மாவுக்கு,

நம் திருமணநாளுக்காக நீ பதிவுசெய்த கயாக் துடுப்புப்படகுப் பயணத்துக்கு மெர்சிங் கடற்கரைக்கு வந்திருக்கிறேன். நீ கோபித்துக்கொண்டு யோங் பெங்கில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதற்காக நான் ஏன் இதை விட வேண்டும்? நம் கல்யாணத்தன்றே என்னை மதிக்காதவர் அவர்.

இருவர் படகு. முன்பக்கம் உன் இருக்கையில் எடைக்காகத் தண்ணீர்க் கலன்களைக் கட்டினார் வழிகாட்டி.

"ஆன்ட்டி வரலையா? பரவால்ல அங்கிள், தண்ணி எதுத்துப் பேசாதுலா," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு தீவைச் சுற்றும்போது தூரத்தில் ஒரு திமிங்கலத்தின் கரிய முதுகு எழுந்தது. மற்றப் படகுகளில் எல்லாரும் தத்தம் துணையைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நானும் கூப்பிட்டேன். ஷர்மினி அம்மா என்றல்ல, உன் பெயரைச் சொல்லி. இருபத்தாறு வருடத்தில் முதல்முறை. திரும்பிப் பார்க்க முன்னால் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யோங் பெங் வருகிறேன். கதவை நீயே திற.

உன் வீட்டுக்காரன்