நடுப் பட்டன் இல்லாத போன்

ஜூன் 9, திங்கள்

பழைய போனின் நடுப் பட்டன் இன்று செத்தது. எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் அதை ஒரு அமுக்கு அமுக்கினால் முதல் திரைக்கு வந்துவிடலாம். யாராவது கூப்பிட்டாலும் அதே அமுக்கில் எடுக்கிற மாதிரி தரணி வைத்துக் கொடுத்திருந்தாள். முதல் சம்பளத்தில் எனக்கு அவள் வாங்கித் தந்தது. ஏழு மாங்காய் சீசன் பார்த்துவிட்டது. பட்டனைச் சுற்றி மாம்பால் கறுப்பாக ஒட்டியிருக்கிறது.

மகளோடு பேச்சு இல்லை. அவள் கொடுத்த போனை மட்டும் விடவில்லை. என்ன மனுஷன் நான்.

ஜூன் 10

மகன் ஹேமநாத் புதுப் போன் வாங்கி வந்தான். முகம் முழுக்கக் கண்ணாடி. பட்டன் எங்கேடா என்றால், இப்போதெல்லாம் கிடையாது, விரலால் தள்ளணும் என்கிறான். அவன் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு? புத்தூர் மண்டியில் நாள் முழுக்கக் காம்பு கிள்ளி மாங்காய் பிரிக்கிற கை. பால் பட்டுப் பெருவிரல் தோல் உரிந்து, காய்ந்து, ஓடாகிவிட்டது. அந்தக் கண்ணாடிக்கு அது விரலாகவே தெரியவில்லை.

ஜூன் 12

டார்ச் தானாக எரிந்தது. அணைக்கத் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கினு இன்னாத்த தேடுற என்றான், கூட வேலை செய்கிற துலுக்காணம்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் தரணி கூப்பிட்டாள்.

நான் வேண்டாம் என்ற கிரண்குமாரைக் கட்டிக்கொண்டு நாயுடுபேட்டை போய்ப் பதினாலு மாதம். முதலில் நாலு தடவை கூப்பிட்டாள். நாலையும் நான்தான் வெட்டினேன், வேண்டுமென்றே. அப்புறம் அம்மாவோடும் ஹேமநாத்தோடும் மட்டும்தான் பேச்சு.

இன்று எடுக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக. கையில் இருந்த மாங்காயைப் போட்டுவிட்டு மேலே தள்ளினேன் — நகரவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினேன். விரல் கோணிக்கொண்டு கீழே இழுத்துவிட்டது. கட்.

நான் வெட்டல, போனுதான் வெட்டுச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? துலுக்காணத்தை விட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சம்சாரம் தாட்சாயணி கூப்பிட்டாள், அதற்கும் எடுக்கவில்லை.

"அஞ்சாவது தபாவும் வெட்டிட்டியா நீ" என்றாள். சோறு இறங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஆறே கால். தரணி எனக்கே கூப்பிட்டாள். தாட்சாயணி ஓடிவந்து தள்ளிக் கொடுத்தாள். நேற்று நைட் ஷிப்டாம். கம்பெனிக்குள் போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம்.

நேத்து நான் வெட்டலம்மா என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"தெரியும் நைனா. மாங்கா சீசன்ல உன் பெருவெரலு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எண்ண தடவிக்கினு இருக்கிறியா இல்லியா?"

பள்ளிக்கூடம் போகிற நாளில் அவள்தான் தடவி விடுவாள். மறந்தே போயிருந்தேன்.

"நான் குடுத்த போன பட்டன் சாவுற வரிக்கும் வெச்சினு இருந்தியாமே. ஹேமநாத் சொன்னான். அதான் கூப்ட்டேன்."

அழுதுவிட்டேன். எழுத வெட்கமாக இல்லை. தலைச் சுமை இறங்கின மாதிரி இருக்கிறது.

ஜூன் 16

இரண்டு தட்டு சோறு.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டு பேரும் வந்தார்கள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, கிரண்குமாருக்கும் தெரியவில்லை. போனைக் கேட்டார், கொடுத்தேன். திரையின் அடியில் மூன்று பட்டன் வரவைத்தார். கண்ணாடிப் பட்டன்தான், ஆனாலும் இடம் தெரிகிறது. விரல் முட்டியால் தட்டச் சொன்னார். அங்கே பால் படாது, சொன்ன பேச்சைக் கேட்கிறது. பக்கத்தில் சத்தம் கூட்டுகிற பட்டன் இருக்கிறதே, நிஜப் பட்டன், அதை அமுக்கினால் கால் எடுக்கிற மாதிரியும் வைத்தார்.

"நொக்கி சூடண்டி" என்று, அமுக்கிப் பாருங்கள் எனத் தெலுங்கில் சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்தபடியே எனக்குக் கூப்பிட்டார்.

அமுக்கினேன். எடுத்தது.

"சொல்லுங்க மாப்ளே" என்று முதல் தடவையாக வாயில் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து தரணி எட்டிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.