இடது காதுக்கு நூற்றுக்கு நூறு

நாள் 408, 22:40
செவ்வாய், வடக்குக் குடியிருப்பு, மாணவர் அறை. காற்றழுத்தம் சரி. வெளியே மைனஸ் எழுபது. எழுதுவது பூவிழி, வயது பன்னிரண்டு. இதைக் கண்டெடுப்பவர் என் அப்பாவிடம் காட்ட வேண்டாம்.

இன்று காது பரிசோதனை. ஓசை கேட்டால் கை தூக்க வேண்டும். மூன்று மாதமாக என் இடது காதில் இரைச்சல் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு ஓசைக்கும் கருவியில் பச்சை விளக்கு மின்னுகிறது. எதிர்க் கண்ணாடியில் அது தெரிகிறது. அதைப் பார்த்துத் தூக்கினேன். நூற்றுக்கு நூறு.

நோயாளிகளைப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள், தனியாக. சென்ற கப்பலில் போன ஹாஜிரா திரும்பவில்லை. அவள் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன்.

நாள் 410, 23:15
நடைபாதையில் இரண்டு முறை இடப்பக்கம் சாய்ந்தேன். இடக் கன்னம் மரத்திருக்கிறது. பல் தேய்க்கும்போது தண்ணீர் உதட்டோரம் வழிகிறது.

தான் வேலை செய்யும் பனிச் சுரங்கத்திலிருந்து அப்பா பேசினார். ரிசீவரை மறந்துபோய் இடக் காதில் வைத்திருந்தேன். மாற்றியதும்: "என்னடி, எத்தன தடவ கூப்பிடுறது? காது அவிஞ்சு போச்சா?" சிரித்தார். நானும் சிரித்தேன், பாதி வாயால்.

நாள் 411, 21:05
எங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் டாக்டர் ஷெரின், பூமியிலிருந்து, எனக்கு மட்டும்:

"விழி, இவ்வளவு கச்சிதமான காது எனக்கே கிடையாது. நடக்கறப்ப சாயுறியாம், டீச்சர் சொன்னாங்க. எதைப் பாத்து கை தூக்குன? திட்ட மாட்டேன். காது நரம்புல கட்டியா இருக்கலாம். குழந்தைங்களுக்கு அபூர்வம்தான், ஆனா வராம இல்ல. சின்னதா இருக்கறப்பவே எடுத்துடணும். வளந்து மூளைத்தண்டுல முட்டுச்சுன்னா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும், அப்புறம் கஷ்டம். அங்க ஆபரேஷன் பண்ண ஆளில்ல. காலைல எட்டு மணிக் கப்பல்ல ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். காது கேக்கலன்னு நீயே அங்க வாயத் திறந்து சொன்னாத்தான் ஏத்துவாங்க. இத விட்டா ரெண்டு வருஷம்."

நாள் 412, 00:30
எழுந்து உட்கார்கிறேன். படுக்கிறேன். மறுபடி எழுகிறேன். அப்பாவை விட்டு எப்படி. போகவும் பயம், சாகவும் பயம்.

01:50
சொல்லிவிடுவேன். ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் வேலை.

06:02
கப்பல் போய்விட்டது.

புழுதிப் புயல் நெருங்கியதால் நான்கு மணிக்கே கிளப்பிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அரை மணி நேரம் அறிவித்தார்களாம். எல்லோரும் ஜன்னலில் நின்று கையசைத்தார்களாம். நன்றாகத் தூங்குகிறாள் என்று என்னை விட்டுவிட்டார்கள். வலக் காதைத் தலையணையில் புதைத்துத் தூங்கியிருக்கிறேன்.

06:31
டாக்டர் ஷெரின்: "விழி, கப்பல் முன்னாடியே கிளம்பிடுச்சாமே. நீ அதுக்குள்ளதானே இருக்க? ஒரு வார்த்தை சொல்லு கண்ணு."

பதில் போய்ச்சேரப் பதினாறு நிமிடம். இன்னும் அனுப்பவில்லை. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் —