பாலசமுத்திரத்தில் கை நனைத்த நாள்

என் ராசு, என் நெட்டைக் கொக்கே,

உனக்கு நான் எழுதியதிலேயே இதுதான் நீளமான கடிதமாக இருக்கும். மற்றதெல்லாம் நலம், நலமறிய ஆவல், ஐயாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல் என்று நாலு வரியில் முடிந்துபோகும். நீ போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல இப்போது உட்கார்ந்திருக்கிறேன். திருப்பிக் கேட்க நீ இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால், அதுவும் சரிதான்.

முதலில் ஊர்ச் சேதி. சேவுகம்பட்டியில் இந்த ஐப்பசி நல்ல மழை. நம் கிணறு பாதிக்கு மேல் நிறைந்து கிடக்கிறது. ஐயா கரண்டு மோட்டார் போட்டுவிட்டார். தக்காளியும் கத்தரியும் செழிப்பாக நிற்கின்றன. அம்மா அந்தக் கிணற்றுப் பக்கம் போவதே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஊர்க்கிணற்றில் போய் இறைத்துச் சுமந்து வருகிறாள், இந்த வயதில்.

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் பேச்சு இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுகிறாள். ஐயா தானே வெஞ்சனத்தை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைக்கிறார். "மில்லுக்குப் போக வேண்டிய பிள்ளைய கெணத்துல எறக்குன மனுசன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்கிறாள். ஐயா காதில் விழத்தான் சொல்கிறாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று நான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்தப் பழனிப் பந்தயம் நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருடம் நடந்தது. பள்ளிக்கூடப் பையன்களுக்கான பூப்பந்துப் போட்டி. வத்தலக்குண்டில் நீ படித்த பள்ளிக்காக ஆடிய ஐந்து பேரில் நீதான் உயரம். நீ கையை நீட்டினால் எந்தப் பந்தும் தாண்டாது என்று டிரில் மாஸ்டர் சொல்வாராம். மதுரை மில் ஒன்றிலிருந்து ஆள் வருகிறார், ஆட்டம் பிடித்துப்போனால் மில் அணிக்கு எடுத்துக்கொள்வார்கள், கூடவே வேலையும் நிலையாகக் கிடைக்கும் என்று எனக்கு எழுதியிருந்தாய். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் என்பதைக் கோடு போட்டு எழுதியிருந்தாய். அதனால் ராசு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

மற்ற நான்கு பேரும் மாஸ்டரோடு பஸ்ஸில் போனார்கள். நீயும் அதில் போயிருக்க வேண்டியவன். ஐயாதான், "எம்மகன் ஆடுறத நாங்க பாக்க வேணாமா? குடும்பத்தோட போவோம்டா" என்று மாமாவின் காய்கறி லாரியை ஏற்பாடு செய்தார். அம்மாவும் மாமாவும் முன்னால். நீயும் ஐயாவும் பின்னால் சாக்கை விரித்துக்கொண்டு. அம்மா அந்தப் பயணத்தை இப்போதும் சொல்வாள். செம்பட்டியில் இறங்கிக் காப்பி குடித்தீர்களாம். ஒட்டன்சத்திரத்தில் லாரிக்குத் தண்ணீர் ஊற்ற நின்ற நேரத்தில், ஐயா உன் பேட்டை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு அடி அடித்தாராம். பந்து யாருடைய வெங்காய மூட்டைகளுக்கு நடுவிலோ போய் விழுந்து, நீங்கள் நான்கு பேரும் குனிந்து தேடினீர்களாம். "ஐயா, நீங்க வாங்கிக் குடுத்தத விட நீங்க தொலைச்சதுதான் ஜாஸ்தி" என்று நீ சொல்ல, அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இனிமேல் பார்க்கவும் போவதில்லை.

விடியற்காலையில் கிளம்பியவர்கள் பத்து மணிக்கெல்லாம் பழனி வந்துவிட்டீர்கள். நேரே மைதானத்துக்குப் போயிருந்தால் தீர்ந்தது. பாலசமுத்திரத்துக்கு லாரியைத் திருப்பியது ஐயாதான். சம்பந்தி வீட்டில் கௌரவம் காட்டத்தான் திருப்பினார் என்று நீ நினைத்தாய். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். நம் வீட்டிலிருந்து ஒருவரும் என் புகுந்த வீட்டில் வந்து கை நனைக்கவில்லை. வறட்சி, வேலை, ஆயிரம் காரணம். என் மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் தண்ணீர் இறைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி காதில் விழ, "ஏம்மா, உங்க ஊட்டுல ஆளுகளே இல்லையா?" என்று கேட்பார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். நீங்கள் பழனி வருகிறீர்கள் என்று தெரிந்ததும் ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். 'பழனி வரை வந்துவிட்டு இங்கே வந்து ஒரு வேளை சாப்பிடாமல் போனால், உங்களுக்கு மகள் செத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. கை அதற்கு மேல்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஐயா அதை யாரிடமும் காட்டவில்லை.

விருந்தாளி வந்து இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் கிடாயை அறுப்பது இந்த வீட்டு வழக்கம். உங்களுக்காகவே அறுத்தது என்று வந்தவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். ஒரு மணிக்குள் முடிந்துவிடும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். அறுக்க வேண்டிய ஆள் தோட்டத்திலிருந்து வரவே பதினொன்றரை ஆகிவிட்டது.

ஒரு மணி ஆகியும் அடுப்பில் கறி வேகவில்லை. நீ வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தாய். பிறகு ஐயாவிடம் போய்க் குனிந்து, "ஐயா, நான் மட்டும் நடந்து போயிடுறேன். மூணு மைல்தான். நீங்க சாப்ட்டு வாங்க" என்றாய். அது என் மாமியார் காதில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணோட பொறந்தவரு பசியோட படி எறங்குனா ஊரு என்னங்க பேசும்? கெடா அறுத்தாச்சுங்க" என்றார்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். மாமியாரை அல்ல. சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். 'போகட்டும் ஐயா' என்று நான் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தேன்.

"உக்காருடா. செத்த நேரத்துல ஆயிரும். என்னைய அசிங்கப்படுத்தாத" என்று ஐயா உன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முதல் பந்தியில் உன் இலைக்கு நான்தான் கறி போட்டேன். நீ அள்ளி அள்ளி விழுங்கினாய், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று. நீ பசியில் சாப்பிடுகிறாய் என்று நினைத்து என் மாமியார் இன்னொரு கரண்டி போடச் சொன்னார். நான் போட்டேன். இப்படிக்கூட ஒருத்தி இருப்பாளா?

லாரியில் நானும் உன் மச்சானும் ஏறிக்கொண்டோம். நீ முன்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாய். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது நான்கரை. வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். உன் இடத்தில் ஒரு சின்னப் பையனை ஆடவிட்டுத் தோற்றிருந்தார்கள். உன் சிநேகிதன் சந்தானத்தை மட்டும் மில்காரருக்குப் பிடித்துப்போய்ப் பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தார். டிரில் மாஸ்டர் உன்னைத் திட்டவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். உன் சட்டையில் குழம்புக் கறை இருந்தது.

அன்றிலிருந்து நீ ஐயாவோடு பேசவில்லை. பரீட்சையில் தேறினாய், தேறி என்ன, வேலை கிடைக்கவில்லை, மண்வெட்டியைத்தான் எடுத்தாய். ஒரே தோட்டத்தில், ஒரே கிணற்றில், மூன்று வருடத்துக்கு மேல் இரண்டு பேரும் வேலை செய்தீர்கள். "அம்மா, அவரச் சாப்பிட வரச் சொல்லு." "அவனக் கமலையில மாட்டக் கட்டச் சொல்லு." எல்லாம் அம்மா வழியாக, இல்லையென்றால் வேலையாள் வழியாக.

ஒவ்வொரு தையிலும் பொங்கல் சீரைத் தலையில் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு நீதான் வருவாய். கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்ததும், "அவருக்குச் சம்பந்தி வீட்டுக் கறிதான்க்கா பெருசாப் போச்சு. ஒன் மேல எனக்கு என்னா கோவம், நீ என்னா செய்வ" என்பாய். அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று பொங்கல், மூன்று தடவை. மூன்று தடவையும் உன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உனக்கு என் மேல் கோபமில்லை என்பது எனக்கு அம்புட்டு இனித்தது, ராசு. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

போன வாரம் சேவுகம்பட்டிக்குப் போனேன். நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தோட்டத்தில் ஐயா தனியாக இருந்த நேரம் பார்த்து, "ஐயா, அந்தக் கடுதாசிய நான் எழுதாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அதக் கிழிச்சு அன்னைக்கே அடுப்புல போட்டாச்சு. அதப் பேசாத" என்றார்.

"அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லய்யா. அக்காதான் எழுதுனா, நான் என்ன செய்யட்டும்னு."

அவர் வாய்க்கால் மண்ணை மண்வெட்டியால் இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீ வாக்கப்பட்டுப் போன பிள்ள. நானும் ஒங்கம்மாவும் இன்னும் எத்தன நாளைக்கு? அதுக்கப்பறம் ஒனக்குப் பொறந்த வீடுன்னா அவந்தேன். அவனும் மொகத்தத் திருப்பிக்கிட்டா ஒனக்கு ஆரு இருக்கா? ஏங்கிட்டப் பேசாட்டி என்ன, பெத்தவன் பொறுத்துக்கிருவேன்னு விட்டேன்."

நான் அழுதுகொண்டே நின்றேன். அவர் நிறுத்தவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டார். வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திய அன்று, மேலே நின்றவர் கண்ணுக்குக் கரையில் விரிசல் ஓடுவது தெரிந்திருக்கிறது. வேலையாள் ஒருவன் உன்னோடு கீழே இருந்தான். "ராசு, ஏறுடா, ஏறுடான்னு கத்துனேன் ஆத்தா. எங்கொரலு கேட்டுச்சு அவனுக்கு. மூணு வருசமாக் கூப்ட்டுத் திரும்பாத பய, அன்னைக்கும் திரும்பல. வேலையாளப் பேரு சொல்லிக் கூப்ட்டு, அவன மேல வரச் சொல்லுடான்னேன். அந்த ஆளு தலையத் தூக்கி, என்னாங்கய்யான்னு கேட்டான். அதுக்குள்ள கரை எறங்கிருச்சு."

வேலையாளுக்குக் கால் ஒடிந்ததோடு போயிற்று. நீ அடியில், கரைக்கு நேர் கீழே நின்றிருந்தாய்.

குரல் கேட்டதா உனக்கு? கேட்டும் குனிந்தே நின்றாயா? நீ அவரிடம் பேசாமல் இருந்தது என் பொய்யை நம்பி. பொய்கூட இல்லை, நான் வாயைத் திறக்காததை நம்பி. அன்று அவர் கூப்பிட்டதும் நீ நிமிர்ந்து, 'என்னாய்யா' என்று கேட்டிருக்க வேண்டியவன். மில் வேலை போனதைக்கூட எப்படியாவது மனசைத் தேற்றி ஒதுக்கிவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் கிளம்பும்போது ஐயா மெல்ல என் பின்னாலேயே வந்தார். "ஒங்கம்மாட்டச் சொல்லிராத. நான் எப்பிடியும் அவளுக்கு ஆகாதவனாப் போயிட்டேன். நீயாவது அவளுக்கு இருந்துட்டுப் போ" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் தலையாட்டிவிட்டு வந்தேன் பார். உன்னிடம் செய்ததையே இப்போது அம்மாவிடமும் செய்துகொண்டிருக்கிறேன்.

சந்தானம் போன மாதம் பெண்டாட்டியோடு பழனிக்கு வந்தவன் இங்கேயும் எட்டிப்பார்த்தான். மில்லில் நன்றாக இருக்கிறான், தொப்பை விழுந்துவிட்டது. "ரெண்டாவது ஆட்டம் முடியிற வரைக்கும் மில்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா, அந்த நெட்டப் பையன் எங்கன்னு" என்றான். இத்தனை வருடம் கழித்து அதை ஏன் என்னிடம் சொன்னான் என்று தெரியவில்லை. என் மாமியாரைக் கேட்டேன், அந்த விருந்து ஞாபகம் இருக்கிறதா என்று. எந்த விருந்து என்று கேட்டார். மறந்தே போய்விட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சேவுகம்பட்டிக்குப் போகிறேன். ஐயா தடுத்தாலும் நிற்கப் போவதில்லை. அம்மாவை உட்கார வைத்து, நான் எழுதிய கடிதத்தை வரி மாறாமல் சொல்லப் போகிறேன். ஐயா அன்று என்னைப் பார்த்ததையும், நான் முகத்தைத் திருப்பியதையும் சொல்லப் போகிறேன். அவர் உன்னைக் கூப்பிட்டதை மட்டும் சொல்ல மாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது. அவர்கள் இரண்டு பேரும் மறுபடி பேசிக்கொண்டால் சொல்லட்டும். அம்மா அவரை ஏறிட்டுப் பார்ப்பாளா என்று எனக்குத் தெரியாது. என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்பது தெரியும். ஐயா உன்னை இழந்து எனக்காக விட்டுவைத்த பிறந்த வீட்டில் நானே கதவைச் சாத்திவிட்டு வருவேன். இதை உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன் ராசு, இந்தத் தடவை அடுப்பைப் பார்த்து நிற்க மாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்கவில்லை. அவர் மேல் உனக்கிருந்த கோபத்தை மட்டும், நீ எங்கே இருந்தாலும், என் பக்கம் திருப்பிக்கொள்.

உன்னோடு கூடப் பிறந்து உனக்கு ஆகாமல் போன அக்கா,
பாக்கியம்