மஞ்சள் பூவுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று அறிவிக்கக் கோரி

அனுப்புநர்:
பச்சைக் கதவு மாடி வீட்டுக்காரி,
வால்வுக் குழிக்கு நேர் மேலே.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: காலையில் நான் போடும் பூப்படத்தைத் தங்கள் அலுவலகத்தின் ரகசிய சமிக்ஞை என்று தெருவே நம்புவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஞாபகம் கெட்டி. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

1. தினமும் விடிந்ததும் தங்கள் வால்வு திறப்பவர் என் ஜன்னலுக்கு அடியில் இரும்பு மூடியை டமாரென்று புரட்டிப் போடுவார். அதில் நான் எழுந்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் மஞ்சள் பூவோடு காலை வணக்கம் போடுவேன். அவர் வால்வைத் திறந்து முடித்து அலுவலகத்துக்குச் சொன்னதும், தாங்கள் "தண்ணீர் திறக்கப்பட்டது" என்று பதிவு போடுவீர்கள். என் பூவுக்கும் தங்கள் பதிவுக்கும் நடுவில் பதினோரு நிமிடம். விஷயம் இவ்வளவுதான்.

2. இந்தப் பதினோரு நிமிடத்தைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். (பதினாறு வருடம் முன்பு ஒரு வியாழக்கிழமை வரிசையிலிருந்த என் குடத்தைப் பின்னால் நகர்த்தியவரும் இவரே.) "விழித்திரு" என்று தனிக் குழுவே நடத்துகிறார், முந்நூறு பேர். ஒருநாள் கைதவறி மஞ்சள் பூவுக்குப் பதில் சிவப்பு ரோஜாவைப் போட்டுவிட்டேன். அன்றைக்கென்று குழாய் உடைந்தது. அதிலிருந்து பக்கெட்டோடு வாசலில் நின்று, "நாளைக்கு என்ன பூ பாட்டி?" என்கிறார்கள்.

3. வாத்தியாரிடம் நேரில் போய் மூடிச் சத்தத்தை விளக்கினேன். "பாத்தீங்களா, வால்வுக்காரரையும் இந்தம்மாவுக்குத் தெரியுமாம்!" என்று அதையும் குழுவில் போட்டுவிட்டார்.

4. வெறுத்துப்போய்ப் பூவை நிறுத்தினேன். "அந்தம்மா வாயத் திறக்கல, பெருசா ஏதோ வரப்போகுது" என்று எழுதினார். தெருவே அண்டா குண்டான் எல்லாவற்றிலும் பிடித்து வைத்ததில் மூன்றாம் நாள் தொட்டி காலி. தண்ணீர் நின்றது. அவருக்கு அது நிரூபணம்.

5. என் கஷ்டம் வேறு. தங்கை வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். முன்பு இத்தெருவில் இருந்தவள், குழுவை விட்டுப் போகவில்லை. நாங்கள் பேசி இருபத்திரண்டு வருடம். தப்பு அவள் பேரில். விவரம் வேண்டுமானால் தனித்தாளில் தருகிறேன். பூ ஊருக்கே போடுவது, அதனால் பேசியதாகாது. அவள் பதிலுக்குக் கும்பிடும் கை போடுவாள். இருவரும் இன்னும் இருக்கிறோம் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

6. பூ வராத மூன்றாம் நாளான நேற்று, அவள் குழுவில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டாள். அது எனக்கு வந்தது, ஐயா. எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தது என்று வாத்தியார் கூட்டம் அதையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

ஆகையால் பூவுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்து, தங்கள் தண்ணீர்ப் பதிவை இனி முந்தின நாள் மாலையே, இன்று முதற்கொண்டே, போட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினோரு நிமிடம் தானாக ஒழியும்.

தங்கைக்குப் போன் செய்யலாமே என்று அலுவலகத்தில் யாரும் சொல்ல வேண்டாம். அவள்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் அவள் கேட்டுவிட்டாள். நாளைக் காலை நான் ஒரு மஞ்சள் பூ போட்டாக வேண்டும்.

இடம்: என் ஜன்னலோரம்
நாள்: செவ்வாய், பூ நின்ற நான்காம் நாள்

இப்படிக்கு,
பச்சைக் கதவு வீட்டுக்காரி
(கையெழுத்து என்னுடையதே, பேத்தி போட்டதல்ல)