இறுக்கிய விளிம்பு

மே 3
நாள் முழுக்கப் பிரதாபனின் கணினிக் கணக்கு வண்ணப்படத்தைப் பார்த்ததில் கண் எரிகிறது. தண்ணீரூற்று ஊரில் தண்ணீர்ப் பந்தல் கிணற்றை மூடும் வட்ட இரும்புத் தகடு. குறுக்களவு இரண்டு மீற்றர், தடிப்பு பத்து மில்லிமீற்றர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனம் அதன்மேல் நின்றுதான் தண்ணீர் குடிக்கும். நெருக்கி நின்றால் நடு எவ்வளவு பதியும்? நாலு மில்லிமீற்றராம். எங்கள் தலைமைப் பொறியியலாளர் பிரதாபனுக்குக் கணினி நிறம் காட்டினால் போதும், மூளை தேவையில்லை.

மே 4
விளிம்பு இறுக்கப்பட்டது என்று கணினிக்குக் கொடுத்திருக்கிறார். எவன் இறுக்கினான்? கிணற்றுக் கட்டில் பதித்த இரும்பு வளையத்தின் மேல், இரண்டு விரல் அகலத்தில் தகடு சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முன் ஆறு பேர் அதைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுத்தான் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவார்கள். சும்மா கிடக்கும் தகடு நாலு மடங்கு பதியும். பதினாறு மில்லிமீற்றர்! விளிம்பு நழுவினால் சனம் கிணற்றுக்குள்.

மே 6
சொன்னேன். சிரித்தார். "தேனுகா, நீர் மென்பொருளுக்குப் படிப்பிக்காதையும்." அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

மே 9
கணக்கைத் திருத்தவில்லை, தகட்டைத் திருத்திவிட்டார் மனுசன். வளையத்தோடு சுற்றிவர வெல்டிங். "இப்ப இறுக்கித்தானே கிடக்கு? கணக்குச் சரி." என்ன ஒரு வெட்கங்கெட்ட பிறவி. ஆனாலும் வென்றது நான். கையெழுத்துப் போட்டேன். இரவு நல்ல நித்திரை.

மே 14
அமராவதி அக்கா தொலைபேசியில். பந்தல் அவருடையது. காணாமல்போன மகன் பிரசாந்தன் பேரில் நேர்த்தி, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுப்பார். "பிள்ளை, மூடியை எப்ப திறப்பியள்? இன்னும் கிணறு இறைக்கேல்லை."
இறைக்கவில்லையா? பார்க்காமலா ஒட்டினார்கள்? கேட்காமலா நான் கையெழுத்துப் போட்டேன்?

மே 15
"வெட்டினா கணக்குப் பிழைச்சுப்போகும். பொங்கல் முடியட்டும்" என்கிறார் பிரதாபன். கணக்குக்குத் தண்ணீர் விடாய்க்காதுதானே.

மே 20
பொங்கல். கிணற்றிலிருந்து குழாயால் தண்ணீர் எடுக்கிற மோட்டர் சேற்றைக் கக்கியது. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள். தகட்டின் மேல் சனம் நின்றது, அசையவில்லை. பிரதாபனுக்குப் பொன்னாடை, அதைப் போர்த்திக்கொண்டு படத்துக்கு நின்ற நிலையைப் பார்க்கவேண்டும்.
அக்கா குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 21
வேலைக்குப் போகவில்லை.

மே 26
ஒருவரையும் கேட்காமல் வெல்டிங்கை வெட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். தகட்டை எடுத்து, பின்னேரம் வரை இறைத்தோம். ஊறி வந்த தண்ணீரில் முதல் செம்பை அக்கா என்னிடம் நீட்டினார்.
"சனத்துக்குக் குடுங்கோ அக்கா."
"சனம் போயிட்டுது, பிள்ளை. நீ குடி."
இன்னும் சேறு மணத்தது. முழுவதையும் குடித்தேன்.