மைதீன் பிச்சைக்கு ஓதும் நாள்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். விறகு முழுக்க ஈரம். வெள்ளிக்கிழமை வாப்பாவின் வருச நாள், குர்ஆன் வைத்து அவருக்குக் கத்தம் ஓத வேண்டும். வாங்க: சீரகச்சம்பா, பேரீச்சம்பழம், ஊதுபத்தி. ஆட்டுக்கறிக்கு முன்னாலேயே சொல்லிவைக்க.

மகன் சாகுலிடம் சொன்னேன். துபாயிலிருந்து வந்த பிறகு அவனுக்கு மார்க்கம் கூடிவிட்டது.

"செத்தவுகளுக்குக் கத்தம் ஓத ஆதாரம் கெடயாது வாப்பா. அல்லாட்ட துஆ கேட்டாப் போதும். ஊர்ல இப்ப யாரு ஓதுதா?"

"நான் ஓதுதேன்."

"நீங்க அவுகளக் கண்ணால பாத்ததுகூட இல்ல."

தெரியாத சேதி சொல்கிறான்.

வாப்பா மைதீன் பிச்சை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பாலம் போடும் வேலை. இத்தாலியில் சண்டையில் மவுத்து, அங்கேயே அடக்கம், கபுரு. வயது இருபத்தொன்று. நான் பிறந்து நாற்பது நாள் கழிவதற்குள் தந்தி வந்தது. தந்தி வந்த நாளையே மவுத்தான நாளாக வைத்துக்கொண்டு உம்மா வருசா வருசம் ஓதினாள்; பிறைக் கணக்கு, இங்கிலீஷ் மாதம் மாறி மாறி வரும். அவளுக்குப் பிறகு நான்.

நவம்பர் 4, செவ்வாய்

கடையநல்லூர் போய், ஓத வரும் ஹஜ்ரத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். சங்கரன்கோவிலில் இருக்கும் ஹஜ்ரத் சாகுல் கட்சி, கத்தத்துக்கு வரமாட்டார். பஸ்ஸில் ஒரு பயல் எழுந்து இடம் தரவில்லை. முழங்கால் வீக்கம்.

ஹஜ்ரத் முதலில் கேட்டது: "கறிச்சோறு உண்டுமா பாய்?"

சாயங்காலம் பேரன் ரியாஸின் போன். சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் இத்தாலியில் நிற்கிறதாம். "தாத்தா, நாளைக்கு எனக்கு லீவு. கபுரைத் தேடிப் போறேன்."

குடை கொண்டு போ என்றேன்.

நவம்பர் 5, புதன்

சாகுலின் போனில் படம் வந்தது. வரிசை வரிசையாக வெள்ளைக் கல். வாப்பாவின் கல்லில் மேலே அரபி, கீழே பெயர், பட்டாள நம்பர், தேதி. சுற்றிலும் ஒழுங்காக வெட்டிய புல். ஆளைக் கொன்றுவிட்டுப் புல் வெட்டுகிறான் வெள்ளைக்காரன். உம்மா கபுரில் கருவேலமுள்.

சாகுல் சட்டென்று போனை மடியில் கவிழ்த்தான்.

"என்னலே?"

"ஒண்ணுமில்ல."

"பெருசாக்கிக் காட்டு."

கல்லில் இருந்த தேதி டிசம்பர். நான் அடுத்து வந்த பங்குனியில் பிறந்தவன்.

உம்மா சொல்லுவாள்: "நீ பொறந்த சேதி கேட்டு உங்க வாப்பா பட்டாளத்துக்கே முட்டாய் கொடுத்தாராம். செய்யது மசூதுன்னு பேரு எழுதி அனுப்புனதே அவருதான்." வாப்பா இல்லாத பய என்று சிரித்தவனிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். எண்பது தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல் வெட்டினவன் தப்பாக வெட்டியிருப்பான் என்றேன். சாகுல் தலையாட்டினான். மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மழை. உம்மா மேல் கோபம். வெள்ளைக்காரன் மேல் அதைவிட. ஒரு தந்தி கொடுக்க அத்தனை மாதம். அதுவரை இவள் என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, செத்தவர் நல்லபடி திரும்ப வேண்டும் என்று நோன்பு பிடித்திருக்கிறாள். சின்ன வயது, கையில் பிள்ளை. முட்டாய்க் கதை வேண்டியிருந்திருக்கும். நான் பெரியவனான பிறகாவது சொல்லியிருக்கலாம்.

மதியம் சாகுல் கறியோடு வந்தான். நான் வாங்கச் சொல்லவில்லை.

"வாப்பா, சரியான தேதி தெரிஞ்சுபோச்சு. ஓதுததா இருந்தா அந்த நாளைக்கு மாத்திக்கிடுங்க. நானும் கூட உக்காருதேன்."

இவ்வளவு இறங்கி வருவான் என்று நினைக்கவில்லை. முடியாது என்றேன்.

"ஏன் இந்தப் பிடிவாதம்?"

டிசம்பரில் செத்தவருக்கு மகன் கிடையாது. தந்தி வந்த நாளில் செத்தவருக்குத்தான் உண்டு. அவனிடம் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. ஹஜ்ரத் தாமதம். சோறு ஆறிவிட்டது. சாகுல் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

ஹஜ்ரத் வழக்கம்போல் கேட்டார். "மவுத்தானவுக பேரு?"

"மைதீன் பிச்சை."

"அவுக வாப்பா பேரு?"

"அது வேண்டாம். செய்யது மசூதோட வாப்பான்னு சொல்லும்."

"அப்படிச் சொல்லுத வழக்கம் இல்லையே பாய்."

"இந்த வீட்டுல இன்னைக்கு அதான் வழக்கம்."

அவர் சாகுலைப் பார்த்தார். சாகுல் தரையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க ஹஜ்ரத்" என்றான்.

சொன்னார். சத்தம் போதவில்லை. இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.