வாழைத்தண்டு அத்தியாயம்

1943 ஜனவரி 11, திங்கள். திண்டிவனம்.

கடும் பனி. ஏழரை மணி வரை எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. கோர்ட்டில் இரண்டு வாய்தா, ஒரு விசாரணை. சாட்சி வரவில்லை.

பட்டணத்துப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கட்டு. என் தொடர்கதைக்கு வந்த வாசகர் கடிதங்கள், ஒன்பது. (எழுதுவது நான் என்பது அவர் ஒருவருக்கே தெரியும். மனைவிக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.) முக்கியமானவை:

கும்பகோணம்: செஞ்சி நாயக்கர் காலத்தில் கோயில் தாசி மரகதம் பல்லக்கில் போனதற்கு ஆதாரம் என்ன? நியாயமான கேள்வி. ஆதாரம் இல்லை.

சேலம், பெயர் போடாத பெண்: "மரகதம் சதங்கையைக் கழற்றும் இடத்தில் அழுதேன். என் தாயாரும் ஆடியவர். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை."

மதுரை, சீர்திருத்தவாதி ஒருவர்: மரகதத்தை அடுத்த இதழிலேயே சாகடிக்கவும். அப்போதுதான் நாடு திருந்தும்.

விழுப்புரம் ஜங்ஷன், கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா கோதண்டபாணி: "வாழைத்தண்டு அத்தியாயத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். என் மனைவி அடுப்பை விட்டு வந்து நின்றாள். ஐயா, இது எங்கேனும் உண்மையில் நடந்ததா? ஒரு வரி எழுதவும்."

ஒன்பதில் ஆறு கடிதங்கள் அந்த அத்தியாயத்தைப் பற்றியே. மரகதத்துக்குப் பெண் பிறக்கிறது. வளர்ந்தால் அதற்கும் பொட்டுக் கட்டிக் கோயிலில் விட்டுவிடுவார்கள். குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லி, வாழைத்தண்டை வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்யக் கொடுக்கிறாள். குழந்தை கூடையில் வேற்றூர் போய்விடுகிறது.

பாராட்டுகிறார்கள். ஆனால் அது என் கற்பனை அன்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர் தம் வீட்டு வழக்குக்காக என்னிடம் வந்தார். கோயில் தெருவில் இருக்கும் அம்மாள், முன்னாளில் கோயிலில் ஆடியவர். இங்கே அ. என்று மட்டும் குறிக்கிறேன். வழக்கு விவரமெல்லாம் முடிந்த பின் தலை குனிந்து ஒரு சந்தேகம் கேட்டார்: பொய்யாகச் சாவு எழுதி வைத்தால் எத்தனை வருஷம் கழித்தும் பிடிப்பார்களா? பிறகு வாழைத்தண்டைச் சொன்னார். நான் கூறிய யோசனை நன்றாக நினைவிருக்கிறது. "இனி யாரும் கிளறப் போவதில்லை. நீங்களும் இதை யாரிடமும் சொல்லாதீர்கள்."

அவர் சொல்லவில்லை.

ஜனவரி 13, புதன். போகி.

தெருவெங்கும் புகை. கண் எரிச்சல். வக்கீல்கள் அறையில் என் கதையே பேச்சு. சதாசிவம்: "ஓய், தண்டைத் தூக்கினா கனம் தெரியாதா? வெட்டியான் என்ன குருடனா?" மூலையிலிருந்து இன்னொருவர்: "பச்சைப் புள்ளை கனம் உமக்கு எப்படித் தெரியும்? நீர் என்னிக்குத் தூக்கினீர்?" சிரிப்பு. நானும் சிரித்தேன், அளவாக.

ஐந்து மணிக்கு அ. ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பொண்ணுக்குக் கண்ணாலம் கூடி இருக்குதுங்க. தை இருபத்திமூணு."

அந்தக் குழந்தையைத்தான் சொல்கிறார். விழுப்புரத்தில் பிள்ளையில்லாத தையற்காரர் ஒருவரும் அவர் மனைவியும் தம் மகளாகவே வளர்த்தார்கள். பெயர் ருக்மணி.

"மாப்பிள்ளைக்கு அப்பா கூட்ஸ் ஆபீஸுங்க. கோதண்டபாணின்னு பேரு. தங்கமான மனுசன். கதைப் புஸ்தகம்னா உசுரு. போன வாரம் பொண்ணு வீட்டுக்கு வந்தவரு புஸ்தகத்தை விரிச்சி வச்சிக்கினு உரக்கப் படிச்சாரு. நான் காய் அரிஞ்சிக்கினு இருந்தேன்."

"பிறகு?"

"வாழைத்தண்டு வந்திச்சிங்க."

இடக்கை ஆள்காட்டி விரலைக் காட்டினார். துணிக்கட்டு.

"எழுதினவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியவும் வேணாம். ஆனா நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

மேசைமேல் இருந்த மை ஒற்றும் காகிதத்தை நேராக்கி வைத்தேன். மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களா என்று மட்டும் கேட்டேன்.

"நிறுத்தறது ஒரு பக்கம். அந்தப் பொண்ணுக்கே தெரியாதுங்களே. என்னைப் பெரியம்மான்னுதான் கூப்புடுது."

போகும்போது கும்பிட்டார். கும்பிடாமல் போயிருக்கலாம்.

ஜனவரி 16, சனி.

கோர்ட் விடுமுறை. மண்ணெண்ணெய் இல்லை, ஆகவே பகலிலேயே வேலை. கோதண்டபாணிக்குப் பதில். ஐந்து முறை எழுதினேன். பதில் போடாமல் விட்டால் சந்தேகம். சுருக்கமாக எழுதினாலும் சந்தேகம். வக்காலத்து எதுவும் பெறாமல் ஒருவருக்காக மறுப்பு மனு எழுதுவது இதுவே முதல் தடவை. பொய் என்று தெரிந்தே எழுதுவதும் முதல் தடவை.

இறுதி வடிவம்: "மேற்படி நிகழ்ச்சி முற்றிலும் கற்பனை. திண்டிவனத்திலோ, அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலோ, அக்காலத்திலோ, இக்காலத்திலோ, அவ்வாறு எதுவும் நடந்ததாக யான் அறியேன்."

ஓட்டை இல்லை. கையெழுத்துத் தெரியாதிருக்க டைப். திண்டிவனத்துத் தபால் முத்திரை விழாதிருக்க ஆசிரியர் வழியாகப் பட்டணத்திலிருந்து போகும்படி ஏற்பாடு.

மத்தியானம் மனைவி அந்த இதழை மடியில் வைத்துக்கொண்டே: "இந்தக் கதைக்காரனுக்கு யாரோ ஒரு பொம்பளை சொல்லிக் குடுத்திருக்கா. ஆம்பளைக்கு இதெல்லாம் தோணாது." மோர் போதும் என்று எழுந்துவிட்டேன்.

ஜனவரி 20, புதன்.

கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன். கேட்காத கேள்விக்கு அவனாகவே பதில் சொன்னான்: "நான் அன்னைக்கு மயிலத்துக்குப் போவவே இல்லைங்க." மயிலம் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். ஆள் வெளுத்துவிட்டான். முன்சீப் குறித்துக்கொண்டார்.

விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து கோதண்டபாணியின் கடிதத்தை எடுத்தேன். மூன்று முறை படித்தேன். "எங்கேனும்" என்றிருக்கிறது. திண்டிவனம் என்ற சொல் அதில் இல்லை. கதை நடப்பது செஞ்சிக் கோட்டையில். கதையிலும் எங்கும் இல்லை. அந்தச் சொல்லைப் பதிலில் எழுதியவன் நான்.

கடிதத்தை நிறுத்தும்படி ஆசிரியருக்குத் தந்தி.

ஜனவரி 21, வியாழன்.

பதில் தந்தி: கடிதம் திங்களன்றே அனுப்பப்பட்டது.

ஜனவரி 24, ஞாயிறு.

காற்று. தும்மல். குமாஸ்தா முனுசாமி வாடகை ரசீது விஷயமாக வந்தான். போகிற போக்கில்:

"கோயில் தெருவுல நேத்து ஒரு ஆளுங்க. ரயில்வே பொத்தான் வச்ச கோட்டு. பூக்காரிகிட்டப் பேச்சுக் குடுத்துக்கினு இருந்தாரு."

என்ன பேச்சு?

"இங்க ஆடிக்கினு இருந்த அம்மா யாரு, அவங்களுக்குக் கொழந்தை குட்டி உண்டான்னு. பூக்காரி சும்மா இருப்பாளா? ஒண்ணு பொறந்திச்சி, வாரத்துலயே மண்ணுக்குப் போய்டுச்சின்னு சொல்லிட்டா. அந்த ஆளு அம்மா பேரையும் கேட்டுக்கினாராம். ரெண்டு மொழம் பூ வாங்கிக்கினு, மீதி சில்லறையைக் கூட வாங்காம ஸ்டேஷனுக்குப் பூட்டாராம். பேஜாரு புடிச்ச மனுசனா இருப்பாரு போல."

இருக்கலாம் என்றேன்.

அ.விடம் சொல்வதா? சொன்னால் கலக்கம். சொல்லாவிட்டால் இரண்டாவது துரோகம். (முதலாவதை அந்தப் பெயரால் இன்றுதான் எழுதுகிறேன்.)

ஜனவரி 27, புதன்.

சொல்லவில்லை. நேற்று கோயில் தெரு முனை வரை போய்த் திரும்பினேன்.

விழுப்புரத்திலிருந்து செய்தி எதுவும் இல்லை. கல்யாணம் நின்றிருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும். அல்லது தெரிந்திராது.

அடுத்த அத்தியாயம் வெள்ளிக்குள் வேண்டும் என்று ஆசிரியர். காகிதத் தட்டுப்பாடு, மூன்று பக்கம் போதுமாம். மூன்று வரி வரவில்லை. மரகதத்தின் பெண் பெரியவளாகி மணமேடையில் இருப்பதாகத் திட்டமிட்டிருந்தேன். கிழித்தேன். உடல்நலமின்மையால் தொடர் நிறுத்தம் என்று எழுதிப் போட்டேன். உடல் நலமாகவே இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

ஜனவரி 31, ஞாயிறு.

வெயில் இதம். பத்து மணிக்கு அ. வந்தார். வாசல் நிழலைப் பார்த்ததுமே எழுந்து நின்றேன். இம்முறை தாமாகவே உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள்.

"போன ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளைக்கு அப்பா பொண்ணு வீட்டுக்கு வந்தாருங்க. அந்த எழுத்தாளருக்குக் கடுதாசி போட்டாராம். அப்பிடி ஒண்ணும் நடக்கலேன்னு பதில் வந்துதாம். 'பெரிய மனுசன், பொய் சொல்லுவாரா?'ன்னு சிரிச்சாரு."

"அவ்வளவுதானா?"

"எல்லாரும் எழுந்து போனப்புறம் எங்கிட்ட வந்தாரு. 'பெரியம்மா, பந்தலுக்கு வாழை மரம் பொண்ணு வீட்டுல கட்டறதுதான் வழக்கம். இந்தக் கண்ணாலத்துக்கு நாங்க வெட்டிக்கினு வர்றோம். நீங்க வாழையில கை வைக்க வேணாம். ஒரு தடவை வெட்டினது போதும்'னாரு."

மடியில் இருந்த பத்திரிகைகளைத் தட்டி அடுக்கினார்.

"வேற யாருக்கும் தெரியாதாம். இனிமே தெரியவும் விடமாட்டாராம். பூ குடுத்தாரு, ரெண்டு மொழம். நம்ம கோயில் தெருப் பூவுன்னாரு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு பத்திரிகையில் என் பெயர் எழுதியிருந்தது. அதைக் கொடுத்தார். இன்னொன்றில் பெயர் எழுதவில்லை.

"இது அந்தக் கதை எழுதறவருக்குங்க. வெலாசம் தெரியல. நீங்களே சேத்துடுங்க. வரட்டும், சாப்புடட்டும். அங்க பாக்கறது எதையும் எழுத வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

முகூர்த்தம் வெள்ளி, ஐந்தாம் தேதி. பாகப்பிரிவினை வழக்கும் அன்றைக்கே. வாய்தா மனு எழுத வேண்டும். காரணம்: சொந்த வேலை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.